கீமோவுக்கு முந்தின நாள் வர்ற ரத்த ரிப்போர்ட்

கேன்சர் ட்ரீட்மென்ட் நடக்கற வீட்ல லேப்ல இருந்து வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்ததும் எல்லார் கண்ணும் முதல்ல போறது தடிமனா அச்சாகியிருக்கற நம்பர்களுக்குத்தான். பக்கத்துல ஹெச் போட்டிருந்தா ஒரு பயம், எல் போட்டிருந்தா இன்னொரு பயம். அந்த ரிப்போர்ட்ல பெரும்பாலான வரிகளுக்கும் கேன்சர் கூடுதா குறையுதாங்கறதுக்கும் சம்பந்தமே கிடையாது, அடுத்த டோஸ் மருந்தை இந்த உடம்பு தாங்குமாங்கற கேள்விக்குத்தான் அதுல பதில் இருக்கு. இதை யாராவது முதல் வாரமே உட்கார வெச்சு சொல்லியிருந்தா எங்க வீட்ல எவ்வளவோ அழுகை மிச்சமாயிருக்கும், அதான் இப்ப எழுதறேன்.

என் சித்திக்கு ஓவரில கேன்சர். வயித்துல தண்ணி கோத்துக்கிட்டு, பசி போயி, கேஸ் பிரச்சனைன்னு நினைச்சு சூரணம் சாப்பிட்டுக்கிட்டே இருந்து கடைசில ஸ்கேன்ல தெரிஞ்சுது. கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல்னு ரெண்டு மருந்து, மூணு வாரத்துக்கு ஒரு தடவை, நடுவுல ஆபரேஷன், அப்புறம் மறுபடியும் அதே மருந்து. இந்த நோய்க்கு ரொம்ப வழக்கமான முறை இதுதான். சித்தப்பாவுக்கு கண்ணாடி போட்டாலும் அந்த பொடி எழுத்து தெரியாது, அதனால ரிப்போர்ட் வாசிக்கற வேலை என்கிட்ட வந்துச்சு. நான் டாக்டர் கிடையாது, டோஸை முடிவு பண்றது உங்க ஆன்காலஜிஸ்ட்தான், ஆனா அவர் என்னத்தை பார்த்து முடிவு பண்றார்னு தெரிஞ்சா அவர்கிட்ட கேட்கற கேள்வி நல்ல கேள்வியா இருக்கும்.

முதல்ல சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கற டெஸ்ட், ஊதா மூடி போட்ட சின்ன டியூப்ல எடுக்கறது. கீமோ வார்டுல நர்ஸ் "கவுன்ட் எவ்ளோம்மா"ன்னு கேட்கறாங்கன்னா இதைத்தான் கேட்கறாங்க. இதுல எல்லாரும் பார்க்கறது டபிள்யூபிசி, அதாவது வெள்ளையணுக்களோட மொத்த எண்ணிக்கை, 4,000-க்கு கீழ போனா தடிமனா வந்துடும். டாக்டர் பார்க்கறது அது இல்ல, அதுல கிருமியோட சண்டை போடற நியூட்ரோஃபில்ங்கற வகை எத்தனைங்கறதைத்தான் பார்க்கறார், அதுக்கு ஏஎன்சின்னு பேரு. நிறைய லேப்ல அந்த வரியை தனியா போடறது கூட கிடையாது, நாமதான் கணக்கு போடணும். கஷ்டமான கணக்கு இல்ல. ஒரு தடவை சித்திக்கு டபிள்யூபிசி 3,200, நியூட்ரோஃபில் 58 சதவீதம். பெருக்கினா 1,856. வீடே பயந்துச்சு, ஆனா மறுநாள் கீமோ போட்டாங்க. இன்னொரு தடவை மொத்தம் 4,000, அதுல எந்த குறியும் இல்ல, சித்தப்பா "பரவாயில்ல கவுன்ட் ஏறிடுச்சு"ன்னு சந்தோஷமா ஃபோன் பண்ணினார், ஆனா நியூட்ரோஃபில் 30 சதவீதம்தான், அப்ப 1,200. ஒரு வாரம் தள்ளி வெச்சுட்டாங்க. இந்த மாதிரி மூணு வார மருந்துக்கு 1,500-க்கு மேல இருக்கணும், பிளேட்லெட் 1 லட்சத்துக்கு மேல இருக்கணும்னு நிறைய இடங்கள்ல வெச்சிருக்காங்க, சில மருந்துக்கு 1,000 இருந்தாலே போதும்பாங்க. உங்களுக்கு எந்த அளவுன்னு முதல் தடவையே கேட்டு ஃபைல் அட்டைல எழுதி வெச்சுக்கோங்க.

ஏன் இது மட்டும் இவ்வளவு சீக்கிரம் விழுதுன்னா, நியூட்ரோஃபில் ரத்தத்துல ஒரு நாள் கூட முழுசா இருக்கறதில்ல, எலும்பு மஜ்ஜை ஓயாம புதுசு புதுசா செஞ்சு அனுப்பிக்கிட்டே இருக்கணும். பிளேட்லெட் எட்டுல இருந்து பத்து நாள் வரைக்கும் இருக்கும், சிவப்பணு சுமார் 120 நாள். மஜ்ஜை ஒரு நாற்றங்கால் மாதிரி, கீமோ வளர்ந்த பயிரை விட நாத்தைத்தான் முதல்ல அடிக்கும். அதனால வெள்ளையணு முதல்ல விழும், பிளேட்லெட் அடுத்தது, ஹீமோகுளோபின் மெதுவா சைக்கிள் சைக்கிளா இறங்கும். மருந்து போட்ட 7-ல இருந்து 14 நாளுக்குள்ள கவுன்ட் அடிமட்டத்துக்கு போகும், அப்புறம் தானா ஏற ஆரம்பிக்கும். கார்போபிளாட்டின்ல பிளேட்லெட் இன்னும் கொஞ்சம் தாமதமா, மூணாவது வாரம் வரைக்கும் கூட இறங்கும். கீமோ முடிஞ்சு பத்தாவது நாள் எடுத்த ரிப்போர்ட்டையும் இருபதாவது நாள் எடுத்ததையும் ஒண்ணுக்கு பக்கத்துல ஒண்ணு வெச்சு ஒப்பிட்டா தப்பா புரியறதுக்கு இதுதான் காரணம், எந்த நாள்ல எடுத்ததுன்னு தெரியாம அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், இந்த கட்டுரைல வேற எதையும் படிக்கலைன்னாலும் இதை படிங்க. அந்த ரெண்டாவது வாரத்துல காய்ச்சல் வந்தா, தெர்மாமீட்டர்ல 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதுக்கு மேலயோ காட்டினா, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்பி ஆஸ்பத்திரிக்கு போகணும். ஏஎன்சி 500-க்கு கீழ இருக்கறப்ப வர்ற காய்ச்சல் எமர்ஜென்சி. சீழ் வைக்க கூட அந்த உடம்புல அணுக்கள் இருக்காது, வீங்காது, சிவக்காது, எக்ஸ்ரேல கூட சில சமயம் ஒண்ணும் தெரியாது, பல சமயம் காய்ச்சல் மட்டும்தான் ஒரே அறிகுறி. போனதும் என்ன கிருமின்னு பார்க்கற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்துட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் நரம்புல ஏத்த ஆரம்பிக்கணும், ரிசல்ட்டுக்கு காத்திருக்க கூடாது. சித்திக்கு பக்கத்து பெட்ல வர்ற ஒரு அக்காவுக்கு ஊர்ல காய்ச்சல் வந்துச்சு, தெருமுனை கிளினிக்ல பாராசிட்டமால் கொடுத்து நாளைக்கு பார்க்கலாம்னு அனுப்பிட்டாங்க, காய்ச்சல் அடங்கின மாதிரி இருந்துச்சு, அடுத்த நாள் சாயங்காலம் பிபி இறங்கி மயங்கி விழுந்துட்டாங்க. ஐசியூல இருந்து மீண்டு வந்தது அவங்க அதிர்ஷ்டம். மாத்திரை போட்டு காய்ச்சலை மறைக்காதீங்க. எங்க போனாலும் முதல் வாக்கியமே "கீமோ போட்டு இத்தனாவது நாள், காய்ச்சல் இவ்வளவு"ன்னு சொல்லுங்க, வரிசைல உட்காராதீங்க. இதை நினைச்சா எனக்கு இன்னும் கோவம் வருது, ஏன்னா சிஏ 125-ங்கற கேன்சர் மார்க்கர் நம்பர் எத்தனைன்னு எல்லா வீட்லயும் மனப்பாடமா தெரியும், தெர்மாமீட்டர் மட்டும் பாதி வீட்ல இருக்காது.

கவுன்ட் ஏத்தறதுக்கு ஃபில்கிராஸ்டிம்னு ஊசி போடுவாங்க, கீமோ முடிஞ்சு 24 மணி நேரம் கழிச்சுதான் ஆரம்பிக்கணும். இடுப்பு, முதுகு எலும்பெல்லாம் குடையும், சித்தி "எலும்புக்குள்ள யாரோ உளி வெச்சு தட்டற மாதிரி இருக்குடி"ன்னாங்க, மஜ்ஜை வேலை செய்யறப்ப அப்படித்தான் வலிக்கும். அந்த ஊசிக்கு அப்புறம் டபிள்யூபிசி 25,000, 30,000-னு வந்தா பதறாதீங்க, அது ஊசியோட வேலை, தானா இறங்கும். பாக்லிடாக்சலுக்கு முன்னாடி அலர்ஜி வராம இருக்க கொடுக்கற டெக்சாமெத்தசோனும் வெள்ளையணுவை ஏத்தி காட்டும், சுகரையும் ஏத்தும். சுகர் இல்லாத சித்திக்கே ஒரு தடவை 240 வந்துச்சு, சித்தப்பா அன்னிக்கு ராத்திரியே சோறை நிறுத்திட்டு சப்பாத்தி போட ஆரம்பிச்சுட்டார்.

ஹீமோகுளோபின் பத்தி ஊரே அறிவுரை சொல்லும், பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை, முருங்கைக்கீரை. எல்லாம் நல்ல சாப்பாடு, பிடிச்சா கொடுங்க. ஆனா கீமோல இறங்கற ஹீமோகுளோபின் இரும்புச்சத்து குறைஞ்சதால மட்டும் இறங்கறது இல்ல, மஜ்ஜையே அடி வாங்கினதால இறங்குது, மாதுளை எவ்வளவு பிழிஞ்சாலும் அது உடனே ஏறாது. வாந்தி வர்ற உடம்புக்கு பீட்ரூட் ஜூஸை வற்புறுத்தி ஊத்தறது, "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா ஏறியிருக்கும்"னு நோயாளி மேல பழி போடறது, இது ரெண்டையும் நிறுத்துங்க. மூச்சு வாங்காம இருந்தா பொதுவா 7-க்கு கீழ போனாதான் ரத்தம் ஏத்தறதை யோசிப்பாங்க, இதய நோய் இருந்தா கொஞ்சம் முன்னாடியே. பிளேட்லெட்டும் அப்படித்தான், ரத்தக்கசிவோ காய்ச்சலோ இல்லைன்னா 10,000-க்கு கீழ போறப்பதான் ஏத்துவாங்க, 80,000-க்கு யாரும் பை தொங்கவிட மாட்டாங்க. திடீர்னு பிளேட்லெட் மட்டும் 40,000-னு வந்து ஆளு நல்லா இருந்தா லேப்ல ஒரு கேள்வி கேளுங்க, ஊதா டியூப்ல ரத்தம் உறையாம இருக்க போட்டிருக்கற ஈடிடிஏ சில பேர் ரத்தத்துல பிளேட்லெட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சுடும், மிஷின் குறைச்சு எண்ணும், ஸ்லைடுல பார்த்தா தெரியும், நீல மூடி சிட்ரேட் டியூப்ல மறுபடி எடுத்தா பெரும்பாலும் சரியான எண்ணிக்கை வரும். பப்பாளி இலைச்சாறு கொடுக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிட்டு கொடுங்க, கல்லீரல் ரிப்போர்ட் மாறினா எதனாலன்னு அவர் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது கிரியாட்டினின், தசைல உண்டாகி கிட்னி வெளியேத்தற கழிவு. இதை நிறைய பேர் 1.2-க்கு கீழ இருந்தா சரின்னு தாண்டிப் போயிடுவாங்க. கார்போபிளாட்டின் போடறவங்களுக்கு இந்த ஒரு நம்பர்தான் மருந்தோட அளவையே தீர்மானிக்குது. மத்த நிறைய கீமோ மருந்தை உயரம், எடை வெச்சு கணக்கு போடுவாங்க, இதை மட்டும் கிட்னி எவ்வளவு வேகமா வெளியேத்துதுங்கறதை வெச்சு போடுவாங்க, 1989-ல வந்த கால்வர்ட் ஃபார்முலான்னு பேரு. கிட்னி வடிகட்டற அளவோட 25-ஐ கூட்டி, டாக்டர் வேணும்னு முடிவு பண்ற ஒரு எண்ணால, பெரும்பாலும் 5 இல்லன்னா 6-ஆல, பெருக்கணும். 58 வயசு, 52 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கோங்க. கிரியாட்டினின் 0.8-னா வடிகட்டற அளவு சுமார் 63 வரும், 5-ஆல பெருக்கினா டோஸ் 440 மில்லிகிராம். அதே பெண்ணுக்கு 1.1-னா டோஸ் கிட்டத்தட்ட 355. ரெண்டு நம்பருமே ரிப்போர்ட்ல நார்மல்தான், எந்த குறியும் இருக்காது, ஆனா மருந்து 85 மில்லிகிராம் வித்தியாசப்படுது. இன்னொரு பக்கம், சாப்பாடு இறங்காம தசையெல்லாம் கரைஞ்சு போனவங்களுக்கு 0.5-னு வரும், அது கிட்னி பிரமாதமா இருக்குன்னு அர்த்தம் இல்ல, கிரியாட்டினினை உண்டாக்கற தசையே இல்லைன்னு அர்த்தம். அதை அப்படியே கணக்குல போட்டா டோஸ் 630 பக்கம் போயிடும். அதனாலதான் நிறைய டாக்டர்கள் 0.7-க்கு கீழ எது வந்தாலும் 0.7-னே வெச்சு கணக்கு போடறாங்க. எடையும் இந்த கணக்குல இருக்கு, அதனால ஒவ்வொரு தடவையும் புதுசா எடை பார்க்க சொல்லுங்க, முதல் விசிட்ல எழுதினதையே வெச்சு ஓட்ட விடாதீங்க. நான் கேட்டப்ப வார்டு ஃபார்மசிஸ்ட் கோவிச்சுக்காம கால்குலேட்டர்ல போட்டே காட்டினாங்க.

எல்எஃப்டிங்கற கல்லீரல் டெஸ்ட்ல பிலிருபின்தான் முக்கியம், கல்லீரல் வழியா வெளியேறற மருந்துகளோட டோஸை அதை பார்த்துதான் குறைப்பாங்க. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடிங்கற கல்லீரல் என்சைம் கொஞ்சம் ஏறி இறங்கறது கீமோல வழக்கம். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கல்லீரல்ல இருந்தும் வரும் எலும்புல இருந்தும் வரும், அது மட்டும் ஏறியிருந்தா ஜிஜிடின்னு இன்னொரு கல்லீரல் என்சைமை பார்த்து எதுலேர்ந்துன்னு பிரிப்பாங்க. கால்சியத்தை தனியா பார்க்க கூடாது, ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரதம் குறைஞ்சவங்களுக்கு கால்சியமும் குறைவா காட்டும், கணக்கு போட்டு திருத்தணும். எலும்புக்கு பரவினவங்க ரொம்ப தாகம், மலச்சிக்கல், குழப்பமா பேசறதுன்னு இருந்தா கால்சியம் ஏறியிருக்கான்னு அன்னிக்கே பார்க்கணும். பொட்டாசியம் மட்டும் தனியா எகிறியிருந்தா முதல்ல சாம்பிள் உடைஞ்சுதான்னு பாருங்க. நரம்பு கிடைக்காம குத்திக் குத்தி இழுத்து எடுத்த ரத்தத்துல சிவப்பணு உடைஞ்சு பொட்டாசியம், எல்டிஹெச் எல்லாம் பொய்யா ஏறும், ரிப்போர்ட் அடில ஹீமோலைஸ்டுன்னு சின்னதா எழுதியிருப்பாங்க. ட்ரிப்ஸ் ஓடற கைல மேல்பக்கம் ரத்தம் எடுத்தாலும் நம்பர் மொத்தமும் கெட்டுப்போகும்.

ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்டை மட்டும் கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேட்டு வாங்குங்க. நம்ம ஊர்ல தனக்கு இருக்கறதே தெரியாம நிறைய பேர் இருக்காங்க, கீமோல எதிர்ப்பு சக்தி இறங்கறப்ப தூங்கிட்டு இருந்த வைரஸ் எழுந்து கல்லீரலை அடிச்சுடும், முன்னாடியே தெரிஞ்சா தினம் ஒரு மாத்திரைல தடுக்கலாம். இப்ப வைரஸ் இருக்கான்னு சொல்ற ஹெச்பிஎஸ்ஏஜி மட்டும் போதாது, முன்னாடி எப்பவாவது வந்திருக்கான்னு காட்டற ஆன்டி ஹெச்பிசியும் சேர்த்து பார்க்கணும்.

இப்ப சிஏ 125-க்கு வர்றேன், எல்லார் மனசும் இதுலதான் இருக்கும். 1981-ல ராபர்ட் பாஸ்ட்னு ஒரு அமெரிக்க டாக்டரோட குழு கண்டுபிடிச்சது, 35-க்கு கீழ நார்மல்னு வெச்சாங்க. இது ஓவரி கேன்சர் மட்டும் சுரக்கற பொருள் இல்ல, வயித்துக்குள்ள இருக்கற ஜவ்வு எதனால புண்பட்டாலும் இது ஏறும். மாதவிலக்கு நாள்ல ஏறும், எண்டோமெட்ரியோசிஸ்ல ஏறும், கல்லீரல் கெட்டு தண்ணி கோத்தா ஏறும், வயித்து டிபில நூத்துக்கணக்குல கூட ஏறும். டிபி இவ்வளவு இருக்கற நம்ம நாட்ல வயித்துல தண்ணி, சிஏ 125 அதிகம், இது ரெண்டை மட்டும் வெச்சு கேன்சர்னு சொல்லிட முடியாது, சதை எடுத்தோ தண்ணி எடுத்தோ பார்த்தே ஆகணும். மறுபக்கம், ஆரம்ப கட்ட ஓவரி கேன்சர்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு இது ஏறியே இருக்காது.

அதனாலதான் "லேடீஸ் கேன்சர் பேக்கேஜ்"னு ஆஃபர் போட்டு, நல்லா இருக்கற பெண்களுக்கு சிஏ 125, சிஇஏ, சிஏ 19-9-னு கேன்சர் மார்க்கர் எல்லாம் எடுக்கற விளம்பரத்தை பார்த்தா எனக்கு மனசு கொதிக்குது. பிரிட்டன்ல 2001-ல ஆரம்பிச்சு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வெச்சு ஒரு பெரிய ஆய்வு நடத்தினாங்க, வருஷா வருஷம் சிஏ 125 பார்த்தும், ஸ்கேன் பார்த்தும். 2021-ல முடிவு வந்தப்ப ஓவரி கேன்சர் சாவு அதனால குறையலைன்னு தெரிஞ்சுது. மத்த மார்க்கரும் இதே கதைதான். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு சிஇஏ கொஞ்சம் கூடவே இருக்கும். பித்தக்குழாய்ல கல் அடைச்சு மஞ்சள் காமாலை வந்தாலே சிஏ 19-9 எகிறும், சில பேர் ரத்த வகைப்படி அவங்க உடம்பால அந்த பொருளை செய்யவே முடியாது, கணையத்துல கேன்சரே இருந்தாலும் பூஜ்யம் பக்கத்துல நிக்கும். பேக்கேஜ்ல நார்மல்னு வந்து நிம்மதியா இருந்துட்டு வயிறு உப்புறதை கவனிக்காம விட்டவங்க கதை வார்டுல கேட்டிருக்கேன். அந்த காசுக்கு மார்பக பரிசோதனையோ கர்ப்பப்பை வாய் பரிசோதனையோ பண்ணிக்கோங்க, அதுக்கு பலன் இருக்குன்னு நிரூபணமாயிருக்கு.

ட்ரீட்மென்ட் நடக்கறப்ப அதே சிஏ 125 நல்லா உதவும், ஆனா ஒரு நம்பரா இல்ல, வரிசையா. சித்திக்கு முதல்ல 1,140, அப்புறம் 610, 190, 62. இந்த இறக்கம்தான் மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லுது. முதல் டோஸுக்கு அப்புறம் இறங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஏறறதும் உண்டு. வயித்துல ஆபரேஷன் பண்ணினா சில வாரத்துக்கு ஏறியே இருக்கும், சித்திக்கும் 62-ல இருந்தது ஆபரேஷன் முடிஞ்சதும் 118 ஆச்சு, சர்ஜன் "தையல் ஆறட்டும்மா, இப்ப ஏன் எடுத்தீங்க"ன்னார். லேபுக்கு லேப் மிஷின் வேற, முறை வேற, அதனால ஒரே லேப்லயே எடுங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க லேப்ல சொல்லணும், அது இந்த மாதிரி சில டெஸ்ட்டோட ரிசல்ட்டையே மாத்திடும். நான் ஒரு நோட்டுல தேதி, கீமோ போட்டு எத்தனாவது நாள், ஏஎன்சி, பிளேட்லெட், கிரியாட்டினின், எடை, சிஏ 125-னு கட்டம் போட்டு எழுதினேன், டாக்டர் கம்ப்யூட்டரை திறக்கறதுக்கு முன்னாடி அந்த நோட்டைத்தான் கேட்பார்.

எல்லாம் முடிஞ்சு ஃபாலோ அப் ஆரம்பிச்சப்ப இன்னொரு கேள்வி வந்துச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை சிஏ 125 எடுக்கணுமா வேண்டாமான்னு. 2010-ல லான்செட்ல வந்த ஒரு ஆய்வை டாக்டர் எடுத்து சொன்னார். சிஏ 125 ஏறின உடனே கீமோ ஆரம்பிச்சவங்க, தொந்தரவு வந்தப்புறம் ஆரம்பிச்சவங்கன்னு 529 பெண்களை ரெண்டா பிரிச்சு பார்த்திருக்காங்க. முதல் கூட்டம் அஞ்சு மாசம் கிட்ட முன்னாடியே மருந்தை ஆரம்பிச்சாங்க, ஆனா ஆயுள் கூடல, கீமோல கழிச்ச நாள்தான் கூடுச்சு. அந்த காலத்துல இப்ப ஓவரி கேன்சருக்கு கொடுக்கற ஓலாபரிப் மாதிரி மாத்திரையெல்லாம் கிடையாது, மறுபடி ஆபரேஷன் பண்ணினா பலன் இருக்கற சிலரும் இருக்காங்க, அதனால இப்பவும் எடுக்க சொல்ற டாக்டர்களும் இருக்காங்க, முடிவு உங்களோடதுன்னார். சித்தி ரொம்ப நேரம் யோசிக்கல. "செக்கப்புக்கு தவறாம வந்துடறேன் சார், வயிறு உப்பினா, பசி கம்மியானா அன்னிக்கே வர்றேன், அப்ப எடுத்துக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அந்த பக்கத்து பெட் அக்கா ஒவ்வொரு தடவையும் எடுக்கறாங்க, தெரியாம இருந்தா அவங்களுக்கு தூக்கம் வராதாம், போன தடவை 19.